பாப்பாவின் முடிச்சு

பிள்ளைகளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்று பெரியம்மா நம்பினாள். ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருத்திக்கு இது எவ்வளவு சங்கடமான நம்பிக்கை என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற, கம்பம் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் எங்கள் வீடும் ஒன்று. அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் எல்லாம் பெரியம்மாவிடம். அவள் அம்மாவின் அக்கா. கணவனை இழந்தவள், சொந்தப் பிள்ளை கிடையாது. குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

ஒரு முறை வேறொரு கம்பம் பற்றி எரிந்தது. அந்த அவசரத்தில், தூளியில் தூங்கிய குழந்தை ஒன்றை மறந்துவிட்டார்களாம். அதைக் கேட்ட அன்று பெரியம்மா சாப்பிடவில்லை. மறுநாள் தன் பழைய புடவை ஒன்றைக் கயிறாக முறுக்கி, இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டாள். ஆளுக்கொரு முடிச்சு. முடிச்சு காலியாக இருந்தால் அந்தப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். எண்ணவும் வேண்டாம், கண்ணும் படாது. மூளைக்காரிதான்.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. வாயில் சோறு இருக்கும்போது பெரியம்மா தட்டில் கரண்டியால் அடிப்பாள். போட்டது போட்டபடி ஓடிப்போய் அவரவர் முடிச்சைப் பிடிக்க வேண்டும். செருப்பைத் தேடினால் தலையில் குட்டு விழும். வரிசையாகத் திடலுக்குப் போய்த் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்க வேண்டும். காப்பிக்கடையில் இருப்பவர்கள், "பட்டாளம் கெளம்பிருச்சு லா!" என்று சிரிப்பார்கள். பெரியம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

"நான் சொல்ற வரைக்கும் முடிச்ச விடக்கூடாது. யாரு வந்து கூப்பிட்டாலும் விடக்கூடாது. வெளங்குதா?"

எனக்கு முன் முடிச்சு பாப்பாவுடையது. தாயில்லாப் பிள்ளை. அவள் அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. பாதி நாள் பெரியம்மாவின் இடுப்பிலேயே இருப்பாள். முடிச்சைப் பிடிக்கச் சொன்னால் வாயில் வைத்துச் சப்புவாள்.

அன்று சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து பாப்பாவின் அப்பா வந்திருக்கிறார். நாங்கள் மதியத் தூக்கத்தில் இருந்தோம். பெரியம்மா பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குரல் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் எழுந்துவிடுமே என்று, அந்த நல்ல மனிதர் தூங்கிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தட்டுச் சத்தம் கேட்டு விழித்தபோது பக்கத்து வீட்டுக் கூரை எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரே புகை. நாங்கள் யாரும் அழவில்லை. பெரியம்மா பழக்கியதில் அழுகை இல்லையே. முடிச்சைப் பிடித்தபடி திடலுக்குப் போய்விட்டோம். மரத்தடியில் பெரியம்மா ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு முன்னால் அவள் கை நின்றது.

"அய்யோ, எம் புள்ள" என்றாள். அதுவரை யாரையும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "விடாதீங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். காப்பிக்கடைக்காரர் துரத்திப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் புகைக்குள் போய்விட்டாள்.

தீயணைக்கும் பொம்பா வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. செய்தி கேட்டு அம்மாக்கள் ஓடி வந்து அவரவர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு இழுத்தார்கள். நாங்கள் விடவில்லை. என் விரல்களைப் பிரிக்கப் பார்த்த அம்மாவை நான் கடித்தேன்.

அப்போதுதான் பாப்பாவின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் பாப்பா, அவள் கையில் பாதி கரைந்த ஐஸ் உருண்டை. யாரோ அவரிடம் ஏதோ சொன்னார்கள். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா இறங்கி வந்து, பழக்க தோஷத்தில், சாயம் ஒட்டிய கையால் தன் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! புடவையில் காலி முடிச்சே இல்லை. எரிகிற வீட்டைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"பெரியம்மா! பாப்பா இங்கதான் இருக்கா! எல்லாரும் இருக்கோம், வந்துருங்க!"

அம்மா என் வாயைப் பொத்தினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் ஒரு தடவை கூப்பிட விட்டிருந்தால் பெரியம்மாவுக்குக் கேட்டிருக்கும் என்று, அம்மாவோடு வெகுநாள் பேசாமல் இருந்தேன்.