பள்ளத்தில் கவிழ்த்த முதல் வண்டி

ஈரமான கொக்கோ இலை, ஊசிப்போன பருப்பு, நனைந்த சோக்குத் தூள்... மூன்றும் கலந்த ஒரு நாற்றம். வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு வளவு கூட்டும் சிரமதானம் முடிந்ததும் எங்கள் பாடசாலைத் தள்ளுவண்டியிலிருந்து வரும்.

யட்டவத்தைப் பக்கம் நான் படிப்பிக்கத் தொடங்கிய காலம். சுத்தத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் நான்தான். முற்றத்தில் ஒரு கடதாசி கிடந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. ஆனால் கூட்டி அள்ளியதை எங்கே கொண்டுபோவது?

நானே இடம் பார்த்தேன். மதிலுக்குப் பின்னால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஒரு பள்ளம். முதல் வண்டியை என் கையாலேயே கவிழ்த்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சில மாதங்களில் கடைக்காரர்களும் அங்கே கொட்டினார்கள். பிறகு குப்பை ஏற்றிய டிராக்டர்கள் வந்தன, பள்ளம் மேடாகியது...

ஒருநாள் செல்லம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். அந்த லயத்துக்காரர். மகள் என் வகுப்பில்.

"சேர், மழை பேஞ்சா எல்லா அழுக்கும் நாங்க குடிக்கப் பிடிக்கிற பீலிக்குத்தாங்க வருது. தண்ணி வாயில வைக்க முடியல."

எதற்கும் உதாரணம் சொல்வது என் வழக்கம். பொறுமையாகத்தான் சொன்னேன். "ஒரு வீடுன்னா பின்பக்கம்னு ஒண்ணு இருக்குந்தானே? குப்பைய அங்கதானே போடணும்?"

"அப்ப நாங்க உங்களுக்குப் பின்பக்கமாங்க சேர்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் மகள் மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, பார்ப்போம்" என்று அனுப்பிவைத்தேன்.

பார்க்கவேயில்லை. அந்த வருஷம் சுத்தமான பாடசாலை என்று எங்களுக்குப் பரிசு வேறு கிடைத்தது.

இப்போது அந்த இடம் பூங்கா. குப்பைமேட்டை மண் போட்டு மூடி, புல் பதித்து, நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். காலையில் நானும் நடக்கிறேன். அங்கே வைக்கப்போகும் வரலாற்றுப் பலகைக்கு நாலு வரி கேட்டார்கள் பூங்காக் குழுவினர். 'முன்னர் மக்கள் அறியாமையால் குப்பை கொட்டிய இடம் இது' என்று தொடங்கினேன். நடக்க வந்திருந்த செல்லம்மாவிடம் பெருமையோடு வாசித்தும் காட்டினேன்.

"மக்கள்னா யாருங்க சேர்? நாங்க கொட்டலயே. கொட்டாதீங்கன்னு வந்து சொன்னவங்கதானே நாங்க."

தாளை மடித்தேன். "நான்தான் தொடங்கினேன், செல்லம்மா."

"அது எனக்குத் தெரியும். பலகைக்குத் தெரியாதே!"

அன்றே திருத்தி எழுதிக் கொடுத்தேன். குழுவில் இருந்த என் பழைய மாணவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "விடுங்க சேர்... புள்ளைங்க விளையாடுற எடத்துல இதெல்லாம் எதுக்கு?"

வரலாற்றுப் பலகையையே கைவிட்டார்கள். பதிலுக்கு வாசலில் விதிமுறைப் பலகை. அதில் தமிழ் வரிகளை என்னையே எழுதச் சொன்னார்கள். முதல் வரி, 'இங்கே குப்பை போடாதீர்கள்.'

எழுதிக் கொடுத்தேன். மறுக்கத் தைரியம் வரவில்லை.

குழு போடாத வரிகளை இங்கே போடுகிறேன். இந்தப் பள்ளத்தில் குப்பை கொட்டத் தொடங்கியது நான். வேண்டாமென்று செல்லம்மா வந்து சொன்னார். நான் கேட்கவில்லை.

அன்று அந்தப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இன்று காற்று நன்றாகத்தான் இருக்கிறது... வாசல் பலகை கிட்டே வரும்போது மட்டும், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்கிறேன்.