முப்பத்துமூன்று அங்குல டயரும் இறக்காமத்து ஐந்து கிலோமீட்டரும்

ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் போட நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: சக்கர அச்சிலுள்ள எக்ஸல் கியரை மாற்றாமல் சமாளிக்க முடியாதா? சமாளிக்கலாம் என்றுதான் இரண்டு வருடமாக நானும் சொல்லித் திரிந்தேன். கடந்த டிசம்பர் மழையில் போன ஒரு பயணம் என் வாயை அடைத்தது. அது சுற்றுலா அல்ல, மரணவீட்டுப் பயணம்.

என் மனைவியின் சாச்சா, அதாவது தகப்பனின் தம்பி, இறக்காமத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே குடியிருந்தவர். அன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார். அவருடைய ஒரே மகள் ஸரீனா மருதமுனையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள், கணவன் கட்டாரில். பன்னிரண்டு மணிக்கு மையித்தை வீட்டிலிருந்து தூக்கி, லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்குவதாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் போவதில்லை. தூக்குவதற்கு முன் ஸரீனா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முகம் பார்த்து, பக்கத்தில் இருந்து குர்ஆனின் யாஸீன் அத்தியாயம் ஓத முடியும்.

ஸரீனாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு காலை 9.40க்குப் புறப்பட்டேன். கல்முனை, சம்மாந்துறை வழியாக இறக்காமம் சந்திக்குச் சுமார் 28 கிலோமீட்டர். 10.35க்குப் போய்விட்டோம். அங்கிருந்து வீடு ஐந்து கிலோமீட்டர், வாய்க்கால் ஓரமாகப் போகும் மண் பாதை. மழையில் அது முழுக்கக் களிச் சேறாகிக் கிடந்தது. உறவினரை ஏற்றிப் போக ஓர் உழவு மிசின் பின்னால் இழுவைப் பெட்டியோடு நின்றது. ஸரீனா அதில் ஏறப் போனாள்.

மிசின்காரர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களும் இதிலயே வாங்க. ஜீப்ப இங்க விடுங்க. பாதை சரியில்ல" என்றார்.

"தேவல்ல காக்கா, இது எங்கயும் போகும்" என்றேன்.

ஸரீனா பெட்டியில் வைத்த காலை எடுத்தாள். "மச்சான், நேரத்துக்குப் போக ஏலுமா?"

"ஓம், மிசினுக்கு முந்திப் போய் நிப்பம்."

அதைச் சொன்னது நான் அல்ல, என் டயர். பழைய டீசல் ஜீப். கம்பனி போட்டது 29 அங்குல டயர், எக்ஸல் விகிதம் 4.27. மூன்று அங்குலம் உயர்த்தி 33 அங்குல டயர் மாட்டியிருந்தேன். கியரில் கை வைக்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், எனக்கும் அது போதுமாக இருந்தது.

களியில் பிடி கிடைக்க டயர்களில் காற்றைக் குறைக்கப் பத்து நிமிடம் போனது. அதற்குள் மிசின் போய்விட்டது. மூன்றாவது கிலோமீட்டரில், 11.00 மணிக்குப் புதைந்தோம். லோ முதல் கியரில் சக்கரம் மெதுவாகச் சுற்றி, டயரின் வெட்டான ட்ரெட்டெல்லாம் களி அடைத்து இறங்கியது. இரண்டாம் கியரில் பெரிய டயரைச் சுழற்றப் பலம் போதாமல் எஞ்சின் திணறி நின்றது. இரண்டுக்கும் நடுவில் கிளச்சை அரைவாசி மிதித்து மல்லுக்கட்டினேன். சற்று நேரத்தில் கிளச் கருகிய மணம் வந்தது. பிறகு எந்தக் கியரிலும் ஜீப் அசையவில்லை. வீட்டுக்கு அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. மணி 11.25.

ஸரீனா செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். முழங்கால் வரை களி. 12.05க்கு, வீட்டுக்கு இன்னும் கால் கிலோமீட்டர் இருக்கும்போது, எதிரே மையித்தை வைத்த சந்தூக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் தோள் கொடுத்து வந்தவன் அவளுடைய தம்பி. அக்காவைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"ராத்தா வந்திட்டா. இறக்குங்க" என்றான்.

பாதையோரப் புல்லில் இறக்கினார்கள். தம்பி குனிந்து கபன் துணியின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து முகத்தைத் திறந்தான். யாரும் சொல்லாமலே, வந்த ஆண்கள் அத்தனை பேரும் வயலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நானும் திரும்பினேன். பின்னால் அவள் "வாப்பா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டது கேட்டது. இரண்டு நிமிடம் இருக்கும். மறுபடி தூக்கினார்கள்.

இனி, கேட்பவர்களுக்குக் கணக்கு. புதிய டயர் உயரத்தைப் பழையதால் வகுத்து, பழைய விகிதத்தால் பெருக்குங்கள். எனக்கு 33ஐ 29ஆல் வகுத்து 4.27ஆல் பெருக்க 4.86 வந்தது. கிடைத்த கியர் 4.88. முன், பின் இரண்டு எக்ஸலிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் நாலு சக்கரமும் இழுக்கும்போது உடையும். பாவித்த கியர்களும் கூலியுமாக எனக்கு 260,000 ரூபா முடிந்தது. அவ்வளவு இல்லையென்றால் 31 அங்குலத்தோடு நிறுத்துங்கள். கியரை மாற்றாதவரை வேக மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 68இல் ஓடுவீர்கள், அதையும் மறக்க வேண்டாம். வயல் களிக்கு அகலத்தை விட ட்ரெட் இடைவெளிதான் முக்கியம்.

ஜீப் இப்போது நன்றாக இழுக்கிறது. சாச்சாவுக்காக வீட்டில் கத்தம் ஓதிய அன்று ஸரீனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"முகத்தப் பாத்தன்தானே மச்சான்" என்றாள். பிறகு சொன்னாள், "பக்கத்துல இருந்து ஒரு யாஸீன் ஓதத்தான் கிடைக்கல்ல."