கல் சுவரில் வெள்ளைத் துணி

என் அண்ணி சதுர்னினா மலைமேல் உள்ள செப்புச் சுரங்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். தாது லாரிகள் ஏறி இறங்கும் மண் சாலையை நனைத்துப் புழுதியை அடக்குவது அவள் வேலை. அவ்வளவு உயரத்தில் வெயில் வருமுன் தண்ணீர் விட்டால் சாலை உறைந்து வழுக்கும். வெயில் ஏறிய பிறகு, ஒரு பட்டை நனைத்து ஒரு பட்டை காயவிட்டால்தான் பிரேக் பிடிக்கும்.

அதற்குக் கீழே எங்கள் ஊர். காற்றுக் காலத்தில் அம்மா, கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா மந்தையை அடைக்கிற பட்டியின் கல் சுவரில் வெள்ளைத் துணி விரிப்பாள். நண்பகலுக்குள் அது புழுதி படிந்து பழுப்பேறினால் ஊர் கூடிச் சாலையில் கல் போடும்; வண்டியோ ஆளோ கடக்க விடாது. இன்னொரு துணி விரித்து, அது சாயங்காலம்வரை வெளுப்பாகவே இருந்தால்தான் கல்லை எடுக்கும். ஊருக்கு அண்ணி சுரங்கக்காரி, சுரங்கத்துக்கு ஊர்க்காரி. இரண்டு இடத்திலும் அவள் வந்தால் பேச்சு நிற்கும்.

நான் பல நாடு சுற்றிவிட்டுத் திரும்பிய ஆகஸ்டில் அவள் மகள் நைதாவுக்கு முதல் முடி வெட்டு. நான்கு வயதுவரை கத்தரி படாத முடி. தாய் மடியில் உட்காரவைத்து ஞானத்தந்தை முதல் கற்றையை வெட்ட வேண்டும். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டால் வெட்டக் கூடாது. ஞானத்தந்தை ஃபவுஸ்தோ மீன்பிடிக் கப்பல்காரர். அன்று மாலையே கடற்கரைக்குத் திரும்ப வேண்டியவர். அந்த ஒரு ஞாயிறு விடுப்புக்காக அண்ணி மாதக்கணக்கில் கெஞ்சியிருந்தாள்.

அன்று அவளுக்குப் பதிலாக ஓட்டியவன் விடியுமுன்பே சாலை முழுக்கத் தண்ணீர் விட்டான். பனிக்கட்டியில் ஒரு தாது லாரி சறுக்கியது. பயந்துபோய்த் தண்ணீரை நிறுத்தினார்கள், லாரிகளை நிறுத்தவில்லை. காலையிலேயே துணி பழுப்பாகி, ஊர் சாலையில் கல் போட்டுவிட்டது.

சுரங்கத்திலிருந்து அண்ணி வந்த பேருந்து கற்களின் முன் நின்றது. பண்டிகைப் பாவாடையும் தொப்பியுமாக அவள் இறங்கினாள்.

"தண்ணி லாரிக்காரி வந்துட்டா! தொண்டையெல்லாம் மண்ணு, கொஞ்சம் ஊத்திட்டுப் போ!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"அத்தை, நான் மட்டும் நடந்து வந்துடுறேன்."

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போன வருஷம் சுரங்கத்துல வேல பாக்குற ரெமிஹியோவ விடல. புள்ளைக்குக் காய்ச்சல்னு அழுதான், அப்பவும் விடல. இப்ப என் மருமகளுக்குன்னா தொறப்பேனா?"

"அம்மா, அவ பெத்த புள்ளைக்குத்தானே விசேஷம்!" என்றேன்.

"நீ ஊர் சுத்துறவ. நாளைக்கே கெளம்பிடுவ. நான் இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்."

கீழே எங்கள் முற்றத்தில் மேளம் கேட்டது. அண்ணி ஒரு தரம் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"புதுத் துணி விரிச்சாச்சா?"

"விரிக்கணும்."

"நல்லா வெளுத்ததா விரிங்க அத்தை. பழசு வேணாம், சும்மாவே அழுக்காத் தெரியும்."

பேருந்தைத் திருப்பச் சொல்லி ஏறிக்கொண்டாள்.

பிற்பகல் முழுக்க மலைச் சரிவில் அவள் லாரி மஞ்சள் புள்ளியாக ஊர்ந்தது. பின்னால் கறுப்பாக ஒரு பட்டை, வெளிறி ஒரு பட்டை. புழுதி அடங்கியது. துணியில் ஒரு கறையும் இல்லை. அம்மா அதை உதறி மடித்தபோது எங்கள்மேல் மலையின் நிழல் விழுந்துவிட்டது. கற்களை உருட்டியதும் முதலில் வெளியே போனது ஃபவுஸ்தோவின் வண்டி. அதற்கு ஒதுங்கி வழிவிட்ட பேருந்தில் அண்ணி இருந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நைதாவை மடியில் இருத்திப் பின்னல் போட்டாள்.

"எப்பம்மா வெட்டுவாங்க?"

"காத்து நின்னதும்."

"எப்ப நிக்கும்?"

அண்ணி நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னலை இறுக்கினாள்.