பிள்ளைக் காம்பராவில் ஒரு பரீட்சை மண்டபம்

எண்பதுகளின் தொடக்கத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் தோற்றுப்போன இரண்டு பெண்களில் நான் ஒருத்தி. மற்றவள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மேல் லயத்தில் இருந்த என் தோழி. அவர்கள் கிறிஸ்தவ வேதக்காரர்கள், நாங்கள் சைவம். ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய், ஒரே பாடத்தில் தோற்று, ஒன்றாகவே தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனோம்.

எனக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. மண்டபத்தில் மேற்பார்வையாளர் நடக்கத் தொடங்கியதும் உள்ளங்கை வியர்த்தது. வினாத்தாளைத் திருப்பினேன். முதல் கணக்கு புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுத்தே புரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது விடையெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இதை யாரிடம் சொல்வது? தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒருநாள் மலையில் பக்கத்துத் தேயிலைச் செடி நிரையில் நின்ற தோழி, சும்மா பொழுது போக ஒரு ரயில் கணக்கைக் கேட்டாள். கொழுந்து பறித்துக்கொண்டே விடை சொன்னேன். இன்னொன்று கேட்டாள். அதுவும் வந்தது. அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"இங்க வருதில்ல? அப்ப கணக்கு ஒனக்கு வரும்டி. அந்த மண்டபத்துக்குத்தான் பயப்படுற."

"அதுக்கு என்ன பண்றது?"

"நாமளே ஒரு மண்டபம் வச்சுப் பழகுவோம்."

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும். கூட்டிப் பெருக்கித் தருவதாகச் சொல்லி, அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவிடம் கேட்டோம். சம்மதித்தார். தொட்டில்களை ஓரம் கட்டிவிட்டு ஒரு வாங்குப் பலகையைப் போட்டு நான் உட்கார்ந்தேன். தோழி தன் அண்ணனின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு டக்டக்கென்று நடந்தாள். என் முதுகுக்குப் பின்னால் நின்று இருமினாள். நடப்பது அவள்தான் என்று தெரிந்தும் என் கை மரத்துப்போனது.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாள் முழுவதையும் பார்க்காதே, தெரிந்த ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துச் செய் என்றாள். செய்தேன். அடுத்ததைத் தொட முடிந்தது. மறுவாரம் அவள் முறை. தைரியசாலி என்று நான் நினைத்திருந்தவளுக்கு மூச்சு முட்டியது. அதைப் பார்த்து, இந்தப் பயம் எனக்கு மட்டுமில்லை என்று ஒரு நிம்மதி. அவளும் தெரிந்த கணக்கைத் தேடிப் பிடித்துத்தான் மீண்டாள். வாரம் போகப் போகச் சப்பாத்துச் சத்தம் எங்கள் காதில் விழுவதே நின்றுபோனது.

பின்னாளில் நான் படித்த ஆசிரியர் கலாசாலையில், இளையவர்களின் மன அழுத்தம் பற்றிய ஆராய்ச்சிகளை விரிவுரையாளர் விளக்கினார். என்னால் முடியும் என்ற நம்பிக்கை, சின்னச் சின்னதாகச் செய்து ஜெயித்த காரியங்களிலிருந்தும், தன்னைப் போன்ற ஒருத்தி ஜெயிப்பதைப் பார்ப்பதிலிருந்தும் வளர்கிறது என்றார். 'சுயதிறன் நம்பிக்கை' என்று கரும்பலகையில் எழுதினார். நாங்கள் பேர் தெரியாமலே அதைச் செய்து பார்த்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு, பரீட்சையை இரண்டாம் தடவை எழுதப் போவதாகச் சொன்னபோது அப்பா தயங்கினார். மறுபடியும் தோற்றால் லயத்தில் சிரிப்பார்களே என்பது அவர் கவலை.

"சிரிச்சா சிரிக்கட்டுங்கப்பா. எனக்குக் கணக்கு வரும்" என்றேன். அப்படிச் சொல்லக்கூடியவளாக நான் எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பரீட்சையன்று நல்ல மழை. பஸ் வரவில்லை. கொழுந்து லொறியில் ஏறி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் உள்ளங்கை வியர்க்கத்தான் செய்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு தெரிந்த கணக்கைத் தேடினேன். மூன்றாவது கேள்வியாக அது இருந்தது. எழுதினேன். கடைசி மணி அடித்தபோது நான் விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பெறுபேறு வந்த அன்று இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இரண்டு பேருக்கும், சாதாரண சித்தியைவிட ஒரு படி மேலான திறமைச் சித்தி. தோழி என் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும், லயத்துக்குப் போகும் பாதையை விட்டு நேராக மலைக்கு ஏறினோம். மேலே அம்மாவும் மற்றப் பெண்களும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, பாசாயிட்டோம்! ரெண்டு பேருமே!"

அம்மா கூடையோடு அப்படியே நின்றார். அவருக்குப் பக்கத்து நிரையில் இருந்த பெண் குலவையிட்டாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். கீழ் நிரையிலிருந்து மேல் நிரை வரை மலை முழுக்கக் குலவைச் சத்தம். மலையை மேற்பார்க்கும் கங்காணி யாரையும் வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.