பால்போத்தல் பாகவதர்கள்

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ளவர்களுக்குப் பாட்டுச் சொல்லித்தருவது என் தொழில். முக்கால் மணி நேர வகுப்பில் பாட்டு ஐந்து நிமிடம், மீதி நேரமெல்லாம் யார் வாயில் எது போகிறது என்று பார்ப்பது.

இதற்கு முன்னால் கல்யாண விருந்துகளில் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஆனால் யாரும் என் வயரைக் கடித்ததுமில்லை. முதுகுவலி வந்த பிறகு, கச்சேரி போதும் என்று என் மனைவி பத்மா முடிவெடுத்தாள். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது அவள், ஒப்புக்கொள்வது நான். ஜொகூரில், மாசாய் என்ற ஊரில் ஒரு கடைவீட்டின் மாடியைப் பிடித்தோம். தரையில் நுரைப்பாய் விரித்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னஞ்சிறுசுகளுக்கு இசை வகுப்பு, பத்து வாரம் ஒரு தவணை என்று எழுதி மாட்டினோம். நான் பாடுவேன், பத்மா கிலுகிலுப்பைகளைத் துடைப்பாள். உழைப்பு யாருக்கு அதிகம் என்று கேட்காதீர்கள்.

எங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான். அப்பாவோ அம்மாவோ, யாராவது ஒருவர் கூடவே வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளாவது சப்பாத்து போட்டுவிட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. நீங்களும் என் கட்சி.

குருபக்தி

போன தவணையின் முதல் நாள். செல்வி என்ற அம்மா தன் மகன் ஹரிஷை இடுப்பிலும் ஒரு தாம்பாளத்தைக் கையிலும் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு ஒரு வேட்டி. "அம்மா, இது கைதட்டி ஆடிப் பாடுகிற வகுப்புதான், அரங்கேற்றம் எல்லாம் கிடையாது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை. வித்தை என்றால் வித்தை, குரு என்றால் குரு. நான் பேசி முடிப்பதற்குள் ஹரிஷ் ஒரு பழத்தைத் தோலோடு பாதி முடித்துவிட்டான்.

அடுத்து குருவை வணங்க வேண்டும் என்று பையனை என் காலடியில் குப்புறப் படுக்க வைத்தார். அவனுக்கு அப்போது மொத்தம் எட்டுப் பல். எட்டையும் என் கால் கட்டைவிரலில் வைத்தான். பதினெட்டு வருடம் மேடையில் எட்டிப்பிடிக்க முடியாத மேல்ஸ்தாயியை நான் அன்றைக்குத் தொட்டேன். மற்ற பெற்றோர் வகுப்பு தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். பத்மா மருந்துப் பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க, செல்வி முகமெல்லாம் பூரித்துச் சொன்னார்:

"பாத்தீங்களா மாஸ்டர், குருவோட பாதத்த எவ்ளோ கெட்டியா பிடிச்சிக்கிட்டான்!"

சுவரோரத்து அப்பா

அதே தவணையில்தான் காவியா சேர்ந்தாள். இரண்டு வயது, இரட்டைக் குடுமி, கன்னத்தில் குழி. அவளை அழைத்து வந்தவர்கள் அம்மா மாலதியும் அப்பா சுரேஷும். மாலதி தாதி. சனிக்கிழமைகளில் ஷிப்ட் என்பதால் வெள்ளைச் சீருடையோடு வந்து, பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு ஓடினார். வகுப்பில் உட்காரப்போவது அப்பா.

சுரேஷுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால்தான் எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்ட முடியும். திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். சனி, ஞாயிறும் ஓவர்டைம். இரண்டு வருடமாக அவர் தன் மகளிடம் பார்த்ததெல்லாம் தூங்குகிற முகத்தைத்தான். ஜொகூரில் இப்படி எத்தனையோ வீடுகள், உங்களுக்கும் நாலு பேரைத் தெரிந்திருக்கும். இந்த வகுப்புக்காகவே அவர் சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அம்மா படியிறங்கியதும் சுரேஷ் கையை நீட்டினார். காவியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு வீறிடல். எழுந்து தத்தித்தத்தி நடந்து பத்மாவின் மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சுரேஷ் ஒரு முழம் நகர்ந்தால் அவள் ஒரு முழம் கத்தினாள். கடைசியில் அவர் சுவரோரமாகப் போய், காலியான மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எங்கள் சட்டம் இப்படி ஒருவரைக் குத்தும் என்று நான் நினைக்கவே இல்லை. மத்தியானம் மாலதிக்குப் போன் போட்டு, வேண்டுமானால் சனிக்கிழமை விடுப்பு எடுத்துப் பிள்ளையோடு நீங்களே உட்காரலாமே என்றேன். அவர் சொன்னது:

"வேணாம் மாஸ்டர், அவளுக்குப் பாட்டு வரலன்னாகூட பரவால்ல, அவங்க அப்பாகிட்ட போனா போதும்."

தாலாட்டு

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் தாலாட்டு. விளக்கைக் குறைத்து, திரையை இழுத்துவிட்டு, நான் மெதுவாகப் பாடுவேன். பிள்ளைகள் அமைதியாகி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது திட்டம். திட்டம் போட்டவனுக்குப் பிள்ளைகளைத் தெரியாது. விளக்கு மங்கியதுமே அவர்களுக்குக் குஷி கிளம்பிவிடும், ஒருவன் கொம்பாங் மேளத்துக்குள் தலையை விடுவான், ஒருத்தி என் கண்ணாடியைக் கழற்றுவாள்.

தூங்குகிறவர்கள் அப்பாக்கள்தான். வாரம் முழுக்கத் தூக்கத்தைக் கடன் வைத்தவர்களுக்கு நுரைப்பாயும் குளிர்சாதனமும் தாலாட்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? மூன்றாவது வாரம், லாரி ஓட்டும் ரவி முதல் வரியிலேயே சாய்ந்தார். குறட்டை நல்ல ஆதார சுருதியில் இருந்தது. உண்மையைச் சொன்னால் நானே அதற்கு இசைந்து அரைக்கட்டை இறங்கிப் பாடினேன். பாட்டு முடிந்தது, விளக்கு எரிந்தது, எல்லோரும் சப்பாத்து மாட்டினார்கள், ரவி அசையவில்லை. மகன் வயிற்றில் ஏறிக் குதித்தும் அசையவில்லை. நான் தோளைத் தொட்டு எழுப்பப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துத் தடுத்தார்:

"எழுப்பாதீங்க மாஸ்டர், தூங்கட்டும் லா, நாங்க பசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்து எடுத்துக்கிறோம்."

கிரேடு

ஐந்தாவது வாரம் ஓர் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். ஏதோ குடும்ப விஷயம் என்று பயந்துபோனேன். பரீட்சை எப்போது என்று கேட்டார். என்ன பரீட்சை? கிரேடு பரீட்சை. மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். அவனுக்கு இந்த வயதில் தாளம் என்றால் கையில் கிடைத்ததைத் தட்டுவதுதான் என்று பொறுமையாக விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார், பிறகு, அப்படியென்றால் ஒரு சான்றிதழாவது கிடைக்குமா என்றார். நம்மவர்களுக்குத் தாளில் அச்சடித்து ஒட்டினால்தான் எதுவும் நடந்தது மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான், ஐந்தாம் வகுப்பில் வாங்கிய நல்ல கையெழுத்துச் சான்றிதழ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பையன் முட்டை வடிவக் கிலுகிலுப்பை ஒன்றைச் சுற்றிச் சுற்றி நக்கிக்கொண்டிருந்தான். அதில் அவன் காட்டிய மன ஒருமைப்பாட்டை நான் பெரிய வித்வான்களிடம்கூடப் பார்த்ததில்லை. அம்மா அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்:

"பக்கத்து வீட்டுப் பிள்ள பேலே டான்ஸ்ல கிரேட் ஒன் முடிச்சிருச்சு மாஸ்டர், இவன் இன்னும் முட்டையவே முடிக்கல."

மீசை

இதற்கிடையில் சுரேஷ் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. மழையோ வெயிலோ, பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்துவிடுவார். காவியா நேரே பத்மாவின் மடிக்குப் போய்விடுவாள், இவர் சுவரோரத்துக்கு. ஆனால் பாட்டு எல்லாவற்றையும் அவர் மனப்பாடம் செய்திருந்தார். தவளைப் பாட்டுக்குக் கைகளை விரித்து, மழைப் பாட்டுக்கு விரல்களை ஆட்டி, எதிரில் யாரும் இல்லாமலே முழு அபிநயத்தோடு பாடுவார். வகுப்பிலேயே ஒழுங்காகப் பாடம் படித்த மாணவர் அவர் ஒருவர்தான். பிஸ்கட் நீட்டிப் பார்த்தார், பலூன் ஊதிப் பார்த்தார். காவியா பத்மாவை அனுப்பிப் பலூனை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஏழாவது வாரம், மாலதி காவியாவை இறக்கிவிட்டுப் போன பிறகு, படியில் யாரோ புதியவர் ஏறி வந்தார். இன்றைக்குப் புதுச் சேர்க்கை இல்லையே என்று நானே யோசித்தேன். சுரேஷ்தான். தொழிற்சாலையில் யாரோ, பிள்ளைகளுக்கு மீசை என்றால் பயம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் பதினேழு வயதிலிருந்து வைத்திருந்த அருமையான மீசையை வரும் வழியில் மழித்துவிட்டார். காவியா அவரைப் பார்த்தாள். ஆறு வாரமாகப் பழகி, கத்தாமல் சும்மா முறைக்கிற அளவுக்காவது வந்திருந்தாள். இப்போது அதுவும் போயிற்று. இவன் யார் புதிதாக என்று அவள் போட்ட கூச்சலில் மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குச் சிரிப்பு முட்டியது. சுரேஷ் மேலுதட்டைத் தடவிக்கொண்டே என் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்:

"மாஸ்டர், மீச திரும்ப வளர எவ்ளோ நாளாகும்?"

சோடா

பத்தாவது வாரம், தவணையின் கடைசி நாள். எங்கள் மாடிக்குக் கீழே காதர் பாயின் சாப்பாட்டுக் கடை. ஆறு மாதமாக அவருக்கு ஒரு புதுப் பைத்தியம், தானே சோடா செய்வது. நன்னாரி, பாண்டான் இலை, உப்பும் புளிப்புமான அசாம்பொய்ப் பழம், கலமான்சி எலுமிச்சை, இஞ்சி என்று விதவிதமாகப் பாகு காய்ச்சி, மெஷினில் காற்று ஏற்றிப் போத்தலில் அடைப்பார். ருசி பார்க்க ஆள் வேண்டும் என்று எங்கள் வகுப்பையே கீழே வரச் சொன்னார். குடும்பத்துக்கு ஐந்து சின்னக் கண்ணாடிக் குவளை, பக்கத்தில் வெறும் ரொட்டி. பாண்டான் சோடா கேசரி வாசம் அடிக்கிறது என்றார் செல்வி. அசாம்பொய்யைச் சப்பிய பிள்ளைகள் ஒவ்வொருவரும் கண்ணை இறுக்கி, உடம்பை உதறி, மறுபடியும் வாயைத் திறந்தார்கள். ரவி விழித்திருந்தார். இஞ்சியைத் தொட வேண்டாம், காற்று கூடிப்போச்சு என்று காதர் பாய் எல்லா மேசைக்கும் போய் எச்சரித்தார்.

எங்கள் மேசையில் பத்மாவின் மடியில் காவியா. எதிரில் சுரேஷ், அரும்பிய மீசையோடு. அவர் முகத்தில் தெம்பே இல்லை. பத்து வாரமும் முடிந்துவிட்டது, அடுத்த சனிக்கிழமையிலிருந்து மறுபடியும் ஓவர்டைம். மாலதிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. யோசனையில் அவர் எந்தக் குவளை என்று பார்க்காமல் ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இஞ்சி.

இரண்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு அவர் வயிற்றுக்குள் எங்கோ கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, ஓர் ஏப்பம் வந்தது பாருங்கள். கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. கல்லில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். சுரேஷ் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

காவியா சிரித்தாள். கன்னக்குழி தெரிய, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பத்மாவின் மடியிலிருந்து சறுக்கி இறங்கினாள். மேசையைச் சுற்றி நடந்து போனாள். சுரேஷின் முழங்காலைப் பிடித்து ஏறி, அவர் மடியில் நின்று, பொத்திய கையை விலக்கி, சத்தம் எங்கிருந்து வந்தது என்று வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அவர் மூச்சுக்கூட விடவில்லை. காதர் பாய் இன்னொரு இஞ்சிப் போத்தலைத் திறந்து வைத்தார். இரண்டாவது ஏப்பம், இரண்டாவது சிரிப்பு. மூன்றாவதற்கு அவள் தானும் வாயைத் திறந்து கூடவே குரல் கொடுத்தாள், நேரம் தவறாமல். நான் பத்து வாரமாகப் பிள்ளைகளிடம் கேட்டுக் கிடைக்காத தாளம் அதுதான். நாலாவதற்குப் பிறகு அவர் மடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அவர் மார்பில் சாய்ந்துகொண்டாள்.

மாலதிக்கு அனுப்ப பத்மா போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது காவியா நிமிர்ந்து, அவர் கன்னத்தைத் தட்டிக் கேட்டாள்: "அங்கிள், லாகி!"

இன்னும் வேண்டுமாம், அங்கிளிடம். பத்மா, "அங்கிள் இல்ல கண்ணு, அப்பா" என்று திருத்தப் போனாள். சுரேஷ் தலையை ஆட்டித் தடுத்தார். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால் ஐந்தாவது குவளையை எடுத்தார்:

"விடுங்கக்கா, இப்போதைக்கு அங்கிள்னே கூப்பிடட்டும், மடியிலதானே உக்காந்திருக்கா."

பதினெட்டு வருடம் மேடையில், பத்து வாரம் பாயில் நான் படித்துக்கொண்ட பாடம் இதுதான்: சரியான இடத்தில் விழுகிற ஓர் ஏப்பத்தின் முன்னால் ஏழு ஸ்வரமும் கைகட்டித்தான் நிற்க வேண்டும்.