ஊசி போட்ட கழுத்து

லுவாவுக்குப் பன்றி நாற்றம் இன்னும் பழகவில்லை. மேக்கொங் ஆற்றின் இந்தக் கிளைவாய்க்கால் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பன்றிதான் பிழைப்பு. ஆனாலும் தீனி வைக்கப் போனால் கட்டம்போட்ட கழுத்துத்துண்டு மூக்குக்கு ஏறிவிடும். புருஷன் இருந்தவரை கொட்டிலை அவன் கழுவினான். இப்போது அவள்தான்.

இந்தக் கோடையில் கொழுந்தன் கியெம் கொட்டிலுக்குத் தகரம் போட்டுக்கொடுத்தான். பழைய நீப்பாப் பனையோலைக் கூரை அசிங்கமாம். உச்சிவெயிலில் தகரத்துக்கு அடியே நிற்க முடியவில்லை. இருந்த இரண்டு பன்றிகளில், புருஷனின் திதி விருந்துக்கென்று விட்டிருந்த பெரிய பன்றி வாயைப் பிளந்து மூச்சிரைத்தது. சூடு தாங்காமல் தன் கழிவிலேயே புரண்டது. தொடாத தவிட்டுக்கஞ்சி தொட்டியில் புளித்து நுரைத்தது.

"காய்ச்சல்தான் அண்ணி. ஒரு குத்து குத்திட்டா எந்திரிச்சிரும்" என்று கியெம் காதுக்குப் பின்னால் ஊசி ஏற்றினான். எந்திரிக்கவில்லை. மறுபடி குத்தினான். அதன் பிறகு பன்றிக்கு வயிறு கழிந்து தண்ணீராகப் போனது. கழுவ இறங்கிய லுவா, வாய்க்கால் ஓரம் குந்தி வாந்தியெடுத்தாள்.

லுவா போய்ச் சொன்னதும் மருந்துக்கடைக்காரி தலையிலடித்துக்கொண்டாள். "காய்ச்சலா வெக்கையான்னு மேல தண்ணி ஊத்திப் பாக்கக் கூடாதா? வெக்கையில குடலே மந்தமாயிரும்டி. இதுல மருந்து வேற. அது உடம்ப விட்டு இறங்கட்டும், அப்புறம் அறுங்க. திதியத் தள்ளி வை."

"செத்த நாளத் தள்ளி வைக்க முடியுமாக்கா?"

திதிக்கு முந்தைய நாள் விடியலில் கியெம் பன்றியை அறுத்தான். பட்டினி போட்டிருந்தும் இரைப்பையில் தவிடு அப்படியே இருந்தது, புளித்து, மருந்து வாடையோடு. ஊசி போட்ட கழுத்தைக் கீறியதும் பச்சையாகச் சீழ் வழிந்து அவன் கட்டைவிரலை நனைத்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் கண்டத்த வெட்டி எறிஞ்சா மிச்சம் நல்ல கறி. எளநித்தண்ணியில வேக வச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"அண்ணன் படத்துக்கு முன்னால கறி இல்லாம வப்பியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உங்க அண்ணன் வாயில இத வைக்க மாட்டேன்."

"உனக்கு வேணாம்னா விடு. நான் படகுல ஏத்திச் சந்தையில தள்ளிட்டு வரேன். திங்கிறவன் யாரோ, நமக்கென்ன."

சொல்லிவிட்டுப் படகை இழுத்துவரப் போனான். அந்தச் சீழ்விரலாலேயே சிகரெட்டைப் பிடித்திருந்தான். பன்றியைவிட அவனைப் பார்க்கத்தான் அவளுக்குக் குமட்டியது. உள்ளே போய் மண்ணெண்ணெய்க் கேனை எடுத்துவந்து, வாழையிலையில் கிடந்த கறி முழுதும் ஊற்றினாள். தொடை, விலா, ஈரல், ஒன்றையும் விடவில்லை.

"பைத்தியமா அண்ணி நீ?" என்றான் திரும்பி வந்தவன். புதைக்க மண்வெட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் படத்துக்கு முன்னால் விரால் மீனும், இளநீரில் வெந்த வாத்துமுட்டையும் இருந்தன. "கறி எங்கடி?" என்று நாத்தனார் உதட்டைச் சுழித்தாள்.

"அழுகிப்போச்சு" என்றாள் லுவா.

எல்லோரும் சாப்பிட்டார்கள். அவள் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதும் கையிலிருந்து மண்ணெண்ணெய் நாற்றமும் சீழ் நாற்றமும் வீசின. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். கொட்டிலில் மிச்சமிருந்த பன்றிக்கு மூச்சிரைக்கத் தொடங்கியிருந்தது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் தண்ணீரை மொண்டு அதன் முதுகில் ஊற்றினாள்.