திரும்பி வராத மூன்றாவது பை

கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் வேலை செய்கிறேன். இரத்தம் கொடுப்பவர்களிடம் ஒரு தொலைபேசி எண்ணைத் தந்து அனுப்புவோம். பிறகு மனம் உறுத்தினால் கூப்பிட்டு, என் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் கேட்க மாட்டோம். 

ஒரு நாள் காலையில் அந்தத் தொலைபேசி அடித்தது. இரண்டு நாள் முன்பு பிரிக்பீல்ட்ஸ் கோயில் இரத்ததான முகாமில் கொடுத்த ஓர் இளைஞர்.

"அக்கா, என் பிளட்டை யாருக்கும் ஏத்திடாதீங்க."

"முகாம்லயே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"எப்படிக்கா சொல்றது? முகாம் நடத்துனதே எனக்கு மாமனாரா வரப்போறவரு. நர்ஸ் கேள்வி கேக்குறப்ப பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. 'என் மாப்பிள்ளைதான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது லா'ன்னு அவரே பதிலும் சொல்லிட்டாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடலுறவு, போதை ஊசி பற்றியெல்லாம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. நம் ஆட்களின் முகாமில் தனிமைக்கு எங்கே போவது? மைக் அலறும், மோர் கொடுப்பார்கள், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். முகாம் நடத்துகிறவரையே எழுந்து போகச் சொல்ல எந்த நர்சுக்கும் வாய் வராது.

ஒருவர் கொடுக்கும் இரத்தத்தை மூன்று பைகளாகப் பிரிப்போம். சிவப்பணுப் பை குளிர்பெட்டியிலேயே இருந்தது. பிளாஸ்மா பை உறைபெட்டியில் கிடந்தது. இரண்டையும் எடுத்துத் தனியே பூட்டினேன். மூன்றாவது, இரத்தக் கசிவை நிறுத்தும் தட்டணுக்கள் உள்ள மஞ்சள் நிறப் பை, வார்டுக்குப் போய்விட்டிருந்தது. அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி ஓடினேன்.

டெங்கிக் காய்ச்சலில் ஈறெல்லாம் இரத்தம் கசிந்த ஓர் இளம்பெண் படுத்திருந்தாள். தலைக்கு மேலே பை சுருங்கித் தொங்கியது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

என் சட்டையில் இரத்த வங்கி அட்டையைப் பார்த்து அவள் கணவன் எழுந்து நின்றான். "கொடுத்தவங்க யாருன்னு கேக்க மாட்டேன் அக்கா. நாங்க தேங்க்ஸ் சொன்னோம்னு மட்டும் சொல்லிடுங்க."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கீழே வந்து எங்கள் டாக்டரிடம் சொன்னேன். இரத்தத்தைச் சோதித்துத்தான் அனுப்பியிருந்தோம். ஆனால் கிருமி புதிதாகத் தொற்றியிருந்தால் ஆரம்பத்தில் பிடிபடாது. "அந்த இளைஞர் வந்து மறுபடி சோதனை செய்துகொள்ளட்டும். முடிவு தெரிந்த பிறகு அந்தத் தம்பதியிடம் பேசலாம்" என்றார்.

இளைஞர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. எனக்கு அவர் மேல் ஆத்திரமும் பரிதாபமும் மாறி மாறி வந்தன. கடைசியில் குரல் செய்தி அனுப்பினேன்: "கல்யாணம் நின்னுடும்னு பயப்படுறீங்க. உங்க ரத்தம் ஒருத்தங்க உடம்புல ஏறிடுச்சு தம்பி."

சில நாள் கழித்துத் தொப்பியும் முகக்கவசமுமாக வந்தார். ஊசி குத்தும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முடிவு வந்த அன்று டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எச்ஐவி. அந்தப் பெண்ணை உடனே சோதிக்க வேண்டும், அவளிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்பதால் கணவனையும் அழைத்து வரச் சொல் என்றார். போனில் எதையும் விளக்கக் கூடாது.

கணவன் உற்சாகமாக எடுத்தான். "அக்கா! ஆஸ்பத்திரியிலிருந்து வந்துட்டோம். இப்போ அம்பாங்ல இவ அம்மா வீட்டுல இருக்கோம். நல்லா சாப்பிடுறா."

"நாளைக்கு ரெண்டு பேரும் வந்துட்டுப் போங்க. டாக்டர் பாக்கணுமாம்."

"ரெண்டு பேருமா?" என்று சிரித்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையே அக்கா."